சுவரில் யார் போட்ட கோலம்?

சென்ற இதழில் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு படம் போட்டிருந்தோம். இரண்டு கோடுகள். ஒன்றின் இரு நுனியிலும் அம்பு முனை. இன்னொன்றின் இரு நுனியிலும் வெளிப்பக்கம் விரிந்த கவை. எது நீளம் என்று கேட்டிருந்தேன். இரண்டும் ஒரே நீளம்தான். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கண் ஏமாறுவதைப் பற்றியே இருந்தன. அதனால் கண்ணாடி நம்பர், கண் எரிச்சல், செல்போன் எல்லாம் அடுத்த மாதத்துக்குப் போகட்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை. தில்லியில் ஓர் அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் 31 வருடம் பார்வைப் பரிசோதனை செய்தவள். ஓய்வு பெற்று இப்போது மயூர் விஹாரில் இருக்கிறேன்.

*

நானும் என் மகளும் ஸ்கேல் வைத்து அளந்தோம். இரண்டு கோடும் சமம்தான். ஆனால் அளந்த பிறகும் கவை வைத்த கோடுதான் நீளமாகத் தெரிகிறது. உண்மை தெரிந்த பிறகும் கண் ஏன் திருந்த மாட்டேன் என்கிறது?
– வாசகர், ஜனக்புரி

கண்ணில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. உங்கள் விழித்திரையில் விழுந்த இரண்டு கோடுகளும் ஒரே நீளம். அங்கே போய் ஸ்கேல் வைக்க முடிந்தால் அதுவும் சமம் என்றுதான் காட்டும். நீளம் கூடியது அதற்கு அப்புறம், மூளைக்குள்.

விழித்திரையில் விழுவது ஒரு தட்டையான படம். அதில் தூரம் கிடையாது. பக்கத்தில் நிற்கும் ஆட்டுக்குட்டியும் தூரத்தில் நிற்கும் எருமையும் அங்கே ஒரே அளவில் விழலாம். எது குட்டி, எது எருமை என்று மூளைதான் முடிவு செய்ய வேண்டும். அதுவும் கண் சிமிட்டும் நேரத்துக்குள். உட்கார்ந்து கணக்குப் போட அவகாசம் இல்லாததால் அது ஊகிக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை நாம் அறியாமலே செய்யும் ஊகம் என்றார். இதைவிடப் பொருத்தமான பெயரை நான் இதுவரை கேட்டதில்லை.

இந்தக் கோட்டுப் படம் முல்லர்-லயர் என்ற ஜெர்மானியர் 1889-ல் வெளியிட்டது. இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. இங்கிலாந்தின் ரிச்சர்ட் கிரெகரி 1963-ல் சொன்னதை நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அறையின் மூலையில் இரண்டு சுவர்கள் சேரும் செங்குத்துக் கோட்டைப் பாருங்கள். மேலே சீலிங்கிலும் கீழே தரையிலும் கோடுகள் கவையாக விரிந்து உங்களை நோக்கி வருகின்றன. அப்படியே வெளியே போய்க் கட்டடத்தின் வெளி முனையைப் பாருங்கள். அங்கே அம்பு முனை தெரியும். உள்மூலை நம்மிடமிருந்து விலகி இருப்பது, வெளிமுனை நம் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது. கவையைப் பார்த்ததும் மூளை அந்தக் கோட்டைத் தூரத்தில் வைத்துவிடுகிறது. தூரத்தில் இருந்துகொண்டே இவ்வளவு நீளம் தெரிகிறதென்றால், நிஜத்தில் அது இன்னும் நீளமாகத்தானே இருக்க வேண்டும்? காகிதத்தில் தூரமே இல்லை என்பது அதற்குப் பொருட்டில்லை.

இதில் நம் நீலகிரிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரிவர்ஸ் என்பவர் 1901-02-ல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடம் இதே படத்தைச் சோதித்தார். ஆங்கிலேயர்கள் ஏமாந்த அளவுக்கு அவர்கள் ஏமாறவில்லை. பிறகு 1960-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் பல நாடுகளில் சோதித்துவிட்டு, நேர்க்கோடும் செங்கோணமுமான வீடுகளில் வளர்ந்தவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள் என்றார்கள். தோடர்களின் பழைய வீடுகள் பாதிப் பீப்பாயைக் கவிழ்த்ததுபோல வளைந்தவை. சரி, விஷயம் முடிந்தது, எல்லாம் பழக்கம்தான் என்று நானும் பல வருடம் நம்பியிருந்தேன்.

அப்புறம்தான் நம் தரியாகஞ்சிலிருந்து ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருக்கும் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டம், அங்குள்ள ஷ்ராஃப் கண் மருத்துவமனையோடு சேர்ந்து இயங்குவது. பிறவியிலேயே கண்புரையால் பார்வை இல்லாமல் வளர்ந்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஆபரேஷன் செய்விக்கிறார்கள். இப்படிப் பார்வை கிடைத்தவர்களுக்கு, கையால் தடவிய பொருளைக் கண்ணால் பார்த்து ‘இதுதான் அது’ என்று உடனே சொல்ல வராது என்பதை அந்தக் குழு 2011-ல் காட்டியது. அது பழகித்தான் வரும். ஆனால் 2015-ல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், 8 முதல் 16 வயது வரையிலான 9 பிள்ளைகளுக்கு, பார்வை வந்த கையோடு இந்தக் கோடுகளைக் காட்டினார்கள். அத்தனை பேரும் வாழ்நாளில் ஒரு சுவர் மூலையைக் கண்ணால் பார்த்துப் பழகாதவர்கள். அவர்களும் நம்மைப் போலவே ஏமாந்தார்கள்!

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கட்டுப் பிரித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் தாங்காமல் கூசும் கண்ணோடு, எதிரே நிற்கும் அம்மாவை முகத்தால் தெரியாமல், குரல் கேட்ட பிறகு அந்தப் பக்கம் திரும்புவார்கள். முகமே தெரியாத கண்ணுக்கு இந்தக் கோட்டு ஏமாற்றம் மட்டும் முதலிலேயே தயாராக இருந்திருக்கிறது. அப்படியானால் தோடர்கள் ஏன் குறைவாக ஏமாந்தார்கள்? பிறவியில் வரும் ஊகத்தை வளரும் இடம் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம் என்பது என் எண்ணம். இரண்டு ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு அப்படித்தான் படுகிறது.

உங்கள் ஸ்கேல் தோற்ற காரணமும் இங்கேதான் இருக்கிறது. பார்வையின் முதல் கட்டம் மூளையின் பின்பகுதியில் நடக்கிறது. அங்கே சில நரம்பு செல்கள் குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டுக்கு மட்டும் துடிக்கும், வேறு சாய்வுக்குச் சும்மா இருக்கும். ஹ்யூபெல், வீசல் என்ற இருவர் பூனைகளிடம் இதைக் கண்டுபிடித்து 1981-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் கண்டுபிடித்த விதமே அழகு. புள்ளிகளைக் காட்டிக் காட்டி ஒன்றும் நடக்காமல், ஸ்லைடை மாற்றும்போது அந்தக் கண்ணாடியின் விளிம்பு திரையில் கோடாக நகர, செல் படபடவென்று துடித்தது. இந்தச் செல்கள் நீங்கள் ஸ்கேல் வைத்ததைக் கேட்டுவிட்டு வேலை செய்வதில்லை. அவை முடித்துக் கொடுத்த படத்தைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். அளந்து அறிந்தது வேறு இடத்தில், வேறு கணக்கில் இருக்கிறது. உங்கள் மகளிடம் சொல்லுங்கள், இன்னும் நூறு தடவை அளந்தாலும் இப்படித்தான் தெரியும்.

*

புது தில்லி ஸ்டேஷனில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து டிராக்கில் நின்ற ரயில் கிளம்பியது. எனக்கு எங்கள் ரயில் பின்னால் போவதுபோல இருந்தது. ‘அப்பா இன்னும் ஏறவில்லை’ என்று கத்திவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ஏன் இப்படி ஆகிறது?
– 9-ஆம் வகுப்பு மாணவன், லட்சுமிபாய் நகர்

சிரித்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் தம்பி. நீ கத்தினாய், அவர்கள் கத்தவில்லை, அவ்வளவுதான்.

நாம் நகர்கிறோமா என்று மூளைக்குச் சொல்ல இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் கண். இன்னொருவர் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு. அந்த உறுப்புக்கு வேகம் கூடுவதும் குறைவதும் திரும்புவதும்தான் தெரியும். ஒரே சீராகப் போனால், நின்றாலும் போனாலும் அதற்கு ஒன்றுதான். அதனால்தான் ஓடும் மெட்ரோவில் கண்ணை மூடிக்கொண்டால் எந்தப் பக்கம் போகிறோம் என்று சில நேரம் குழம்பும். உன் ஜன்னல் முழுக்க எதிர் ரயில் மெதுவாக நகர்ந்தபோது, காதுக்குள் இருப்பவர் வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும் சொன்னது. ஜன்னலில் தெரிவது முழுவதும் ஒரே பக்கமாக நகர்ந்தால், பெரும்பாலும் நகர்வது நாம்தானே? மூளை வழக்கமாக நடப்பதை வைத்து முடிவு கட்டியது. அடுத்த தடவை எதிர் ரயிலைப் பார்க்காமல் நடைமேடைத் தூணைப் பார், ரயில் நின்றுவிடும்.

விடுமுறையில் ஊருக்குப் போனால் இன்னொன்று செய்து பார். குற்றாலத்துக்குப் போகிறாயோ, வேறு அருவியோ, விழுகிற தண்ணீரில் ஓர் இடத்தையே ஒரு நிமிடம் விடாமல் பார்த்துக்கொண்டிரு. சட்டென்று பக்கத்துப் பாறையைப் பார். பாறை மெல்ல மேலே ஏறும். ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டும் ஒரே சமயத்தில்! ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் 1834-ல் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் இதைப் பார்த்து எழுதி வைத்தார். கீழ்நோக்கிய அசைவைக் கவனிக்கும் செல்கள் பார்த்துப் பார்த்துத் தளர்ந்துவிடுகின்றன. மேல்நோக்கிய அசைவைக் கவனிக்கும் செல்கள் தளராமல் இருக்கின்றன. தராசின் ஒரு தட்டில் எடை குறைந்தால் இன்னொரு தட்டு இறங்குகிறதல்லவா, அப்படி, அசையாத பாறையைப் பார்க்கும்போதும் மேல்நோக்கிய பக்கம் ஜெயித்துவிடுகிறது.

*

பௌர்ணமியன்று மெட்ரோவில் வரும்போது, இந்திரப்பிரஸ்தா தாண்டி யமுனையைக் கடக்கையில், எதிரே கட்டடங்களுக்கு மேல் தாம்பாளம் மாதிரி நிலா. போனில் எடுத்தால் கடலை அளவுக்கு விழுகிறது. போன் கேமரா மோசமா?
– வாசகி, மயூர் விஹார் எக்ஸ்டென்ஷன்

அதே ப்ளூ லைனில் அதே நிலாவை நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், உங்கள் பக்கத்து ஸ்டேஷன்காரி! போன் சொல்வது சரி. நிலா உச்சியில் இருந்தாலும் அடிவானத்தில் இருந்தாலும் வானத்தில் அது பிடிக்கும் இடம் சுமார் அரை டிகிரிதான். கையை நீட்டிச் சுண்டு விரலை வைத்தால் நிலா முழுவதும் மறைந்து, விரல் இன்னும் மிச்சம் இருக்கும். சொல்லப்போனால் உதிக்கும்போது நிலா கொஞ்சம் சிறியதாக இருக்க வேண்டும். ஏனென்றால் அப்போது அது நம்மிடமிருந்து பூமியின் ஆரத்தின் அளவுக்கு, கிட்டத்தட்ட 6,400 கிலோமீட்டர், கூடுதல் தூரத்தில் இருக்கிறது. நிலவின் தூரம் 3,84,000 கிலோமீட்டர் என்பதால் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன் கெய்ரோவில் இருந்த இப்னு அல்-ஹைதம், இது வானத்தில் நடப்பதில்லை, நம் கணிப்பில் நடப்பது என்று சொல்லிவிட்டார். அடிவானம் வரை வீடும் மரமும் பாலமும் வரிசையாக இருக்கின்றன. அத்தனைக்கும் அப்பால் இருக்கும் நிலா வெகு தூரம் என்று மூளை வைத்துக்கொள்கிறது. தூரத்தில் இருந்தும் இவ்வளவு பெரிதாகத் தெரிந்தால், அது பெரிய பொருள்தான். மேலே உள்ள கோட்டுக் கணக்கேதான். ஆனால் இதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. பெரிய நிலாவைக் காட்டி ‘பக்கத்தில் இருக்கிறதா, தூரத்தில் இருக்கிறதா’ என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் ‘பக்கத்தில்’ என்பார்கள். அதனால் ஆய்வாளர்கள் இன்னும் இதில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த பௌர்ணமிக்கு இந்தப் பத்திரிகையைச் சுருட்டிக் குழாயாக்கி, கட்டடம் எதுவும் தெரியாமல் நிலா மட்டும் தெரியும்படி அதன் வழியே பாருங்கள். உடனே சின்னதாகிவிடும். குழாயை எடுத்தால் மறுபடியும் தாம்பாளம்.

*

கரோல் பாகில் ஒரு கடையில் சாம்பல் நிறப் புடவைக்கு அதே சாம்பலில் ரவிக்கைத் துணி எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் புடவை பச்சை கலந்த மாதிரி இருக்கிறது. புடவைக்கு அரக்குச் சிவப்பு பார்டர். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகி, பாலம்

கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் பார்டரை ஒரு வெள்ளைத் துணியால் மூடிவிட்டுப் பாருங்கள். சிவப்புக்குப் பக்கத்தில் சாம்பலை வைத்தால் அது பச்சைச் சாயல் காட்டும். மூளை ஒரு நிறத்தைத் தனியாக அளப்பதில்லை, பக்கத்து நிறத்தோடு ஒப்பிட்டே அளக்கிறது.

இது சாயப் பட்டறைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். பாரிஸில் கோபெலின் என்ற நெசவுத் தொழிற்கூடத்தின் சாயப் பிரிவுக்கு ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பாக இருந்தார். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது, சாயம் சரியில்லை என்று புகார். அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்ததால்தான் கறுப்பு மங்கலாகத் தெரிந்தது. இதையே விரிவாக ஆராய்ந்து 1839-ல் ஒரு பெரிய நூலாகவே எழுதிவிட்டார்.

கடை விளக்கும் ஒரு காரணமாக இருக்கலாம். விளக்கின் நிறத்தைக் கழித்துவிட்டுத் துணியின் நிறத்தைக் காட்டுவது மூளையின் வழக்கம். அதனால்தான் குண்டு பல்பின் கீழும் வெள்ளை வேட்டி வெள்ளையாகவே இருக்கிறது. என்ன விளக்கு என்பதில் குழப்பம் வந்தால் கழிப்பதும் தப்பாகிவிடும். 2015 பிப்ரவரியில் ஓர் உடையின் போட்டோ உலகத்தையே இரண்டாகப் பிரித்தது நினைவிருக்கிறதா? பாதிப் பேர் நீலமும் கறுப்பும் என்றார்கள், பாதிப் பேர் வெள்ளையும் பொன்னிறமும் என்றார்கள். எங்கள் வீட்டிலேயே மருமகன் ஒரு கட்சி, மகள் ஒரு கட்சி. நிஜ உடை நீலமும் கறுப்பும்தான்.

நம் அம்மாக்கள் துணியைக் கடை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து வெயிலில் பார்ப்பார்களே, அதைச் செய்யுங்கள். கூச்சப்படாதீர்கள். பார்டரோடு சேர்த்தே ரவிக்கைத் துணியை வைத்துப் பாருங்கள்.

*

தாராசுரம் போயிருந்தோம். யானையும் காளையும் ஒரே தலையோடு இருக்கும் சிற்பத்தில், யானையைப் பார்த்தால் காளை தெரியவில்லை, காளையைப் பார்த்தால் யானை போய்விடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஏதாவது பயிற்சி உண்டா?
– வாசகர், துவாரகா

இல்லை. அதைச் செய்த சிற்பிக்கு அது தெரிந்திருந்தது! 12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் ராஜராஜன் காலத்தில், ஒரே தலை யானைக்கும் காளைக்கும் பொருந்தும்படி அவர் செதுக்கியிருக்கிறார். ஐரோப்பாவில் இதே வகையில் புகழ்பெற்ற வாத்து-முயல் படம் பத்திரிகையில் வந்தது 1892-ல்தான். ஒரே வடிவத்துக்குச் சமமான இரண்டு பொருள் இருந்தால், மூளை ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டும், கொஞ்ச நேரம் கழித்து மற்றதைக் காட்டும், கலந்து காட்டாது. ஓர் உடம்பைக் கையால் மறைத்தால் மற்றது அசையாமல் நிற்கும். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இதைச் செய்து காட்டுங்கள்.

*

அக்கா, என் மாமியாருக்கு 81 வயது. இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு மாதமாக, சாயங்கால நேரத்தில் ஹாலில் சின்னச் சின்ன ஆட்கள் நிற்பதாகச் சொல்கிறார். பட்டுப்பாவாடை கட்டிய பெண் குழந்தைகள், தலைப்பாகை கட்டிய ஆண்கள். யாரும் பேசுவதில்லையாம். என் கணவர் மனநல டாக்டரிடம் காட்டலாம் என்கிறார். நாத்தனார் ஊரில் மந்திரிக்கலாம் என்கிறார். மாமியார் என்னிடம் மட்டும், அதுவும் மெதுவாகச் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
– வாசகி, ராமகிருஷ்ணபுரம்

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதற்கு நிறைய இடம் வேண்டும் என்பதுதான்.

உங்கள் மாமியார் உங்களிடம் சொன்னாரே, அது சாதாரண விஷயம் இல்லை. இப்படிப் பார்க்கும் பெரியவர்கள் பலர் யாரிடமும் சொல்வதே இல்லை.

முதலில் நீங்களும் உங்கள் கணவரும் ஒன்று செய்து பாருங்கள். ஒரு வெள்ளைத்தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து 8 சென்டிமீட்டர் வலப்பக்கத்தில் ஒரு கறுப்புப் பொட்டு போடுங்கள். இடது கண்ணைக் கையால் மூடுங்கள். வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்துக்கொண்டு, தாளைக் கண்ணிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துங்கள். ஓர் இடத்தில் பொட்டு காணாமல் போகும். கண்ணிலிருந்து நரம்பு வெளியேறும் அந்த இடத்தில் ஒளியை வாங்கும் செல்களே கிடையாது. மாரியாட் என்ற பிரெஞ்சுக்காரர் 1660-களிலேயே கண்டுபிடித்தது. பொட்டு மறைவதைவிட முக்கியமானது, மறைந்த இடத்தில் என்ன தெரிகிறது என்பது. ஓட்டை தெரியாது. கறுப்புத் திட்டு தெரியாது. வெள்ளைத்தாள்தான் தெரியும். அங்கே கண் எதையுமே பார்க்கவில்லை. பக்கத்தில் இருப்பதை வைத்து மூளை நிரப்பிவிட்டது. நம் எல்லாருக்கும், இந்த நிமிடமும், இரண்டு கண்ணிலும் இது நடந்துகொண்டே இருக்கிறது.

உங்கள் மாமியாரின் கண்ணில் காலி இடம் பெரிது. அதுவும் நட்டநடுவில். அந்த இடத்திலிருந்து வர வேண்டிய செய்தி வராமல் நின்றுவிட்டது. ஆனால் அந்தச் செய்திக்காகவே இருக்கும் மூளைப் பகுதி நன்றாகத்தான் இருக்கிறது. முகத்துக்கென்று ஒரு பகுதி, நிறத்துக்கென்று ஒரு பகுதி. வேலை வராமல் போனதும் அவை தாமாகவே துடிக்க ஆரம்பிக்கின்றன. லண்டனில் 1998-ல் இப்படிப்பட்டவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். நிறம் தெரிந்தவர்களுக்கு நிறப் பகுதியும் முகம் தெரிந்தவர்களுக்கு முகப் பகுதியும் துடித்தன. நிஜமாகப் பார்க்கும்போது வேலை செய்யும் அதே இடங்கள். அதனால்தான் அந்தப் பாவாடை அத்தனை துல்லியமாகத் தெரிகிறது.

இதற்கு சார்ல்ஸ் பானே நோய்க்குறி என்று பெயர். பானே ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை அறிஞர். அவருடைய தாத்தாவுக்கு 89 வயது. கண்புரையால் பார்வை மங்கியவர். ஆண்களும் பெண்களும் பறவைகளும் வண்டிகளும் கட்டடங்களும் தன் முன் வந்து சத்தமில்லாமல் போவதாகச் சொன்னார். புத்தி தெளிவாக இருந்தது. அவை நிஜம் இல்லை என்றும் அவருக்கே தெரிந்திருந்தது. பேரன் அதைக் கேலி செய்யாமல் கேட்டு, 1760-ல் எழுதி வைத்தார். கண்புரை, கண் பிரஷர், சுகரால் வரும் விழித்திரைக் கோளாறு, உங்கள் மாமியாருக்கு இருப்பதுபோல நடுப்பகுதி தேய்வது, இவற்றில் எதனால் பார்வை குறைந்தாலும் இது வரலாம். உருவங்கள் சின்னதாக இருப்பதும், அலங்காரமாக உடுத்தியிருப்பதும், பேசாமல் இருப்பதும் இதில் அடிக்கடி சொல்லப்படுபவை. உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன.

என் அம்மாவுக்கும் இது இருந்தது. கண் பிரஷரில் பார்வை போய்க்கொண்டிருந்த சமயம். நாங்கள் அப்போது கரோல் பாகில் வாடகை வீட்டில் இருந்தோம். ஒரு நாள் காலை, நான் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது, “சுவரெல்லாம் யார் கோலம் போட்டது?” என்றார். “சுவரில் யாராவது கோலம் போடுவார்களா, பேசாமல் படும்மா” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். நாள் முழுக்கப் பிறர் கண்ணைப் பரிசோதிக்கிறவள் நான். அம்மா அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. அவர் போன பிறகு மேல்மாடி பஞ்சாபி ஆன்ட்டி ஒரு நாள் சொன்னார்: அம்மா தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், சுவரில் தினமும் கோலம் வருகிறது, புள்ளியும் இழையுமாக வருகிறது, மகளிடம் சொல்லிவிடாதே, பைத்தியம் என்று நினைப்பாள் என்றாராம். சில வருடம் கழித்து மருத்துவமனையில் ஒரு பெரிய டாக்டர் வகுப்பு எடுத்தபோதுதான் பானேயின் பெயரையே கேள்விப்பட்டேன். கட்டம் கட்டமாகவும் வலை போலவும் கோலங்கள் தெரிவது இதில் மிகச் சாதாரணம் என்று அவர் சொன்னபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை, பார்வை குறைந்த ஒவ்வொரு பெரியவரிடமும் நானே கேட்டுவிடுவேன்: “கண் மங்கினால் சிலருக்கு இல்லாதது தெரியும், அது பைத்தியம் இல்லை, உங்களுக்கு அப்படி ஏதாவது தெரிகிறதா?” எத்தனை பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள் தெரியுமா?

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. மந்திரிப்பது வேண்டாம். விழித்திரையைப் பார்க்கும் அதே டாக்டரிடம் அழைத்துப் போய், அவர் பார்ப்பதை ஒன்று விடாமல் சொல்லுங்கள். பார்வையைக் கொஞ்சமாவது கூட்ட முடியுமானால், கண்புரையும் சேர்ந்து இருந்து அதை எடுக்க முடியுமானால், இதுவும் குறையலாம். பொது மருத்துவரிடமும் ஒரு முறை காட்டி, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கொடுங்கள். சில மருந்துகளாலும் உருவங்கள் தெரியலாம். அந்த உருவங்கள் பேசுவதாகச் சொன்னாலோ, அவற்றை நிஜம் என்று நம்பிப் பயந்தாலோ, நாள் கிழமை குழம்பினாலோ, கை நடுக்கமோ உடம்பு விறைப்போ சேர்ந்துகொண்டாலோ, அது வேறு விஷயமாக இருக்கலாம். அப்போது நரம்பியல் மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும். உங்கள் கணவர் டாக்டரிடம் காட்டலாம் என்று சொன்னதில் தவறில்லை. கண்ணிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வீட்டில் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. மங்கிய வெளிச்சத்தில், சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் இது அதிகம் வரும். சாயங்காலம் ஹாலில் ஒரு விளக்குக்கு இரண்டு விளக்காகப் போட்டுவிடுங்கள். உருவம் தெரியும்போது தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடமும் வலமுமாகப் பதினைந்து இருபது விநாடி வேகமாக நகர்த்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் எழுந்து நாலடி நடக்கட்டும். ரேடியோ போடுங்கள், பேச்சுக் கொடுங்கள். பலருக்குக் காலப்போக்கில் குறைந்துவிடுகிறது. சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கிறது. என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டால், நீடித்தாலும் பயம் போய்விடுகிறது. சிலர் அவற்றைப் பார்த்து ரசிக்கவும் ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்தப் பதிலை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். உங்கள் கணவரும் நாத்தனாரும் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம், அடுத்த தடவை அவர் சொல்லும்போது, அந்தக் குழந்தைகளின் பாவாடை என்ன நிறம், என்ன பார்டர் என்று கேளுங்கள். என் அம்மா பார்த்தது எத்தனை புள்ளிக் கோலம் என்று நான் கேட்கவே இல்லை.